மூன்றை அழுத்தவும்

என் அக்கா ஏ.சி. பிரிவு. மாமா டி.வி. பிரிவு. ஒரே கம்பெனி, ஒரே கட்டடம், வாசலில் தொங்கும் பெயர்ப்பலகையும் ஒன்றுதான். ஆனால் அவர்கள் கல்யாணம் நிச்சயமானபோது அந்தக் கட்டடத்துக்குள் எழுந்த முணுமுணுப்பைக் கேட்டிருந்தால், சண்டையிலிருக்கும் இரண்டு நாடுகள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன என்றுதான் நினைத்திருப்பீர்கள்.

அங்கே அப்படித்தான். வீட்டுக்கு வேண்டிய மின்சாரச் சாமான் அத்தனையும் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு. பிரிவுக்கொரு தலைவர், பிரிவுக்கொரு கணக்கு, பிரிவுக்கொரு மாடி, கேன்டீனில் பிரிவுக்கொரு மேசை. மேசையில் பெயர் எதுவும் ஒட்டியிருக்காது. இருந்தாலும் புதிதாகச் சேர்ந்தவர் தெரியாமல் வேறு மேசையில் தட்டை வைத்துவிட்டால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவரே எழுந்து போய்விடுவார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இவர்கள் அதை மாடிவாரியாகக் கடைப்பிடித்தார்கள்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. தன் பிரிவில் செய்த பொருளை ஊழியர் சலுகையில் வாங்கலாம். அடுத்த பிரிவுப் பொருளுக்குச் சலுகை கிடையாது. சொந்தக் கம்பெனிக்காரனிடமே முழு விலை கொடுத்து வாங்க யாருக்கும் மானம் இடம் கொடுக்கவில்லை. அதற்கு வேறு கம்பெனிப் பொருளே மேல் என்று போய்விடுவார்கள். அதனால் டி.வி. பிரிவுக்காரர் வீட்டில் சமையலறையில்கூட டி.வி. இருக்கும், சுவரில் போட்டிக் கம்பெனியின் ஏ.சி. ஓடும். ஏ.சி. பிரிவுக்காரர் வீடு நடுங்கும், ஆனால் டி.வி. வேறு யாரோ செய்ததாக இருக்கும். கம்பெனியின் டி.வி.யும் கம்பெனியின் ஏ.சி.யும் ஒரே அறையில் இருந்த ஊழியர் வீடு, எனக்குத் தெரிந்து, என் அக்கா வீடு ஒன்றுதான்.

நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் உட்காருகிறேன். டாக்டர் ஊர் வாயையெல்லாம் திறக்க வைப்பார், என் வாயை மட்டும் மூட வைக்க அவரால் முடியவில்லை. அக்கா எனக்கு நேர் எதிர். சின்ன வயதில் நான் கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொன்னால் 'சரி' என்பாள். பிறகு எழுந்து போய் இழுத்துப் பார்ப்பாள். சண்டை போட மாட்டாள், நம்பவும் மாட்டாள். அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலையே அவளுக்குக் கிடைத்தது. வீடுகளிலிருந்து திரும்பி வரும் ஏ.சி.க்கள் அவள் மேசைக்குத்தான் வரும். சூடான அறையில் ஓட்டுவாள், குளிர்ந்த அறையில் ஓட்டுவாள், மின்சாரத்தை ஏற்றி இறக்கிப் பார்ப்பாள், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தம் கேட்பாள். கடைசியில் இரண்டில் ஒன்று எழுதுவாள்: பழுது உண்டு, அல்லது பழுதில்லை. அவள் எழுதிய பிறகு யாரும் மறுபடி பார்த்ததில்லை.

மாமாவின் வேலை ரிமோட். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எது பெரிதாக, எது சின்னதாக, எதை அழுத்தினால் எந்த எண் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் பாடு. ரிமோட்டின் ஒவ்வொரு பொத்தானும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் ஓர் எண்ணை அனுப்புமாம். டி.வி.யில் இருக்கும் ஒரு குட்டிக் கண் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுமாம். ஆபீஸில் அவரைப் 'பொத்தான்' என்றே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எதையும் சிரித்துத் தள்ளுகிற மனுஷன்.

கல்யாணத்துக்கு இரண்டு பிரிவுத் தலைவர்களும் வந்திருந்தார்கள். அக்காவின் தலைவருக்குத் 'தெர்மாமீட்டர்' என்று பட்டப்பெயர், கோபம் எந்த அளவில் இருக்கிறது என்பதை முகத்தில் பார்த்துவிடலாம். அவர் மணமக்களுக்குக் கை கொடுத்துவிட்டு, "வீட்ல ஆபீஸ் பேச்சு வேணாம்மா, ரெண்டு பேருக்கும் நல்லது," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை, தலையாட்டினாள். அன்று முதல் அதுவே அந்த வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது.

காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஒரே இருக்கையில் போவார்கள். வாசலில் இறங்கியதும் அவள் ஒரு லிஃப்ட், அவர் ஒரு லிஃப்ட். மாலையில் ஒருவர் முகம் வாடி வந்தால் மற்றவர் தண்ணீர் கொடுப்பார், காரணம் கேட்க மாட்டார். ஆரம்பத்தில் எனக்கு அது நாகரிகமாகத் தெரிந்தது. வருஷம் போகப் போக, இது என்ன கண்ணராவி என்று தோன்றத் தொடங்கியது. ஆனால் வீட்டுக்கு வீடு வாசப்படி. என் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை, அதனால் வந்த சண்டைகளுக்கும் பஞ்சமில்லை.

இதற்கிடையில் காலம் மாறியது. ஜனங்கள் போனிலேயே படம் எடுக்க ஆரம்பித்தார்கள், கேமரா பிரிவு படுத்தது. கேன்டீனில் கேமராக்காரர்கள் மேசை கொஞ்ச காலம் காலியாகக் கிடந்தது. கூட்டமான நாளில்கூட அதில் யாரும் உட்காரவில்லை. பிறகு ஒரு நாள் மேசையையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் புதுத் தலைவர் வந்தார், மொத்தக் கம்பெனிக்கும். மாடிப்படி நெடுகப் படம் ஒட்டினார். படத்தில் ஒரு வீடு. அந்த வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானிலிருந்தும் மற்ற எல்லாச் சாமானுக்கும் கோடு. கீழே, 'எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசும்.'

"சாமான் பேசட்டும். நாம பேசாம இருப்போம்," என்றார் மாமா. சட்டத்தை மீறி அவர் சொன்ன ஒரே ஆபீஸ் பேச்சு அதுதான். அக்கா அதற்கும் முறைத்தாள்.

அந்தக் கோடைக்கு முன்னால் புதுத் தலைவர் ஓர் அறிவிப்பு செய்தார். இனி கம்பெனியின் எதிர்காலம் போன் பிரிவில். அதற்கு வேண்டிய முதலுக்காக டி.வி., ஏ.சி. இரண்டில் ஒரு பிரிவை விற்றுவிடப் போகிறார்கள். எந்தப் பிரிவின் பொருள் வீடுகளிலிருந்து அதிகமாகத் திரும்பி வருகிறதோ அது போகும். கோடை முடிவில் கூட்டம் கூட்டி முடிவு சொல்வார்கள். வாங்குகிறவன் மெஷினை எடுத்துக்கொள்வான், ஆளை எடுத்துக்கொள்ள மாட்டான் என்பது கேமரா பிரிவு போனபோதே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் மாமாவுக்கும் நாற்பது தாண்டியாயிற்று. அதாவது இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் உட்காரப் போகிறார். அது யார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் தினம் ஒரே மேசையில் சாப்பிட்டு, பஸ் கூட்டத்தைப் பற்றியும் மழை வருமா என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கீழ் வீட்டில் குடியிருக்கும் நான்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோடை பிறந்தது. ஏ.சி.க்கள் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார்: தானாக நின்றுவிடுகிறது. அக்கா ஓட்டிப் பார்த்தாள். சூட்டில் ஓடியது, குளிரில் ஓடியது, நாள் முழுக்க ஓடியது. பழுதில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அதே வீட்டிலிருந்து அதே பெட்டி மறுபடியும் வந்தது. வீட்டுக்குப் போன டெக்னீஷியன்களும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆள் வந்ததும் வீட்டுக்காரர்கள் மரியாதைக்கு டி.வி.யை அணைத்துவிடுவார்கள். அவர் இருக்கிற வரை ஏ.சி. சமர்த்தாக ஓடும்.

"பழுதில்லேன்னா ஏம்மா திரும்பி வருது?" என்று கேட்டார் தெர்மாமீட்டர். முகம் உச்சத்தில் இருந்ததாம்.

"அது தெரியல சார். ஆனா மெஷின்ல ஒண்ணும் இல்ல."

"ஜனங்க பொய் சொல்றாங்களா?"

அக்கா அன்று முதல் மதியச் சாப்பாட்டுக்குப் போவதை நிறுத்தினாள். அந்த நேரத்திலும் மெஷினை ஓட்டினாள். கன்னம் ஒட்டிப்போய் வந்து நிற்பாள், நான் கேட்டால், "வெயில்" என்பாள்.

அந்த வீட்டில் மூன்றாவது ஒரு ஆள் உண்டு. மாமாவின் அம்மா, என் அக்காவின் மாமியார். பகலெல்லாம் டி.வி. அவர் கையில். கோடை ஆரம்பத்தில் மாமா தன் பிரிவின் புதுமாதிரி டி.வி.யை வாங்கி வைத்திருந்தார், புது ரிமோட்டோடு. மாமியார் அம்மாவுக்குத் தொடர் பிடிக்கும், விளம்பரம் ஆகாது. விளம்பரம் வந்தால் சத்தத்தை நிறுத்துகிற பொத்தானை அழுத்திவிட்டு, அது முடிகிற வரை திரையையே முறைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் ரிமோட் மாமா கைக்கு மாறும். அவர் விளம்பரத்தைச் சத்தத்தோடுதான் பார்ப்பார். அடுத்த கம்பெனி ரிமோட் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு நாள் மாலை மாமியார் அம்மா சொன்னார்: "உன் ஏ.சி.க்கு விளம்பரம் பிடிக்கலம்மா."

"என்னத்த?" என்றாள் அக்கா.

"விளம்பரம் வந்தா அணைஞ்சு போகுது. தினமும் நான்தான் எந்திரிச்சு போட வேண்டியிருக்கு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். "அதுக்கும் ரசனை இருக்கு பாருங்க," என்றேன். அக்கா மட்டும் சிரிக்காமல், "ஏ.சி.க்கு விளம்பரம் எது, தொடர் எதுன்னு தெரியாது அத்தை. அதெல்லாம் ஆபீஸ் பேச்சு, விடுங்க," என்றாள். நாளெல்லாம் அதே புகாரைப் படித்துவிட்டு வந்தவள், வீட்டிலும் அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. மாமியார் அம்மா வாயை மூடிக்கொண்டார். அவர் மூடினார் என்றால் வேறு எங்கோ திறக்கப் போகிறார் என்று அர்த்தம்.

எனக்கு விடுமுறையான ஒரு நாள், மாமியார் அம்மா மாடியிலிருந்து என் வீட்டுக்கு இறங்கி வந்தார். "உன் போனைக் கொடு. கம்பெனிக்குப் பேசணும்," என்றார். புகார் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். டி.வி. பற்றிய புகாருக்கு ஒன்றை அழுத்தவும், ஏ.சி. பற்றிய புகாருக்கு இரண்டை அழுத்தவும் என்றது. ஒன்றை அழுத்தினார்.

"ஏ.சி. நிக்குதுங்களா? அப்ப நீங்க ரெண்டை அழுத்தணும்மா," என்றது ஒரு பெண் குரல்.

இரண்டை அழுத்தினார். "டி.வி.யில விளம்பரம் வந்தா நிக்குதுங்களா? அப்ப அது டி.வி. பிரிவும்மா. ஒண்ணை அழுத்துங்க," என்றது இன்னொரு குரல்.

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரு நம்பர் இல்லையா?"

"இல்லைங்கம்மா."

மாமியார் அம்மா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்: "சரி, டி.வி.யை விடு. ஏ.சி. தானா நின்னு போகுது. எழுதிக்க."

அது பதிவானது. மறுநாளே ஆள் வந்து சுவரிலிருந்த பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். மாலையில் அக்கா வந்து பார்த்தால் சுவரில் ஆணி ஓட்டைகள்தான் இருந்தன.

"ஏ.சி. எங்க அத்தை?"

"உன் ஆபீசுக்குத்தான் போயிருக்கு. நீயே பார்த்துச் சொல்லு."

சொன்னபடியே அது அக்கா மேசைக்கு வந்து சேர்ந்தது. ஓரத்திலிருந்த கீறலைப் பார்த்ததுமே தன் வீட்டுப் பெட்டி என்று தெரிந்துகொண்டாளாம். மற்றவற்றை ஓட்டிய மாதிரியே அதையும் ஓட்டினாள். அதுவும் மற்றவற்றைப் போலவே ஓடியது. பழுதில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சொல்லை வாங்கிப் படித்த மற்ற வீட்டுக்காரர்களின் முகத்தை அவள் பார்த்ததில்லை. இந்த முகத்தை அன்று சாயங்காலமே பார்க்க வேண்டும். மாமியாரிடம் சண்டை போடுவாள், கோபித்துக்கொள்வாள், ஆனால் அவர் பொய் சொல்லுகிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விளம்பரம் வந்தால் நிற்கிறது என்றால், விளம்பரம் வரும்போது அத்தை என்ன செய்கிறார்?

மறுநாள் காலை மாமியார் தூங்கி எழுவதற்குள் டி.வி. ரிமோட்டை எடுத்துச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனாள். ஏ.சி. பிரிவு மாடியில் டி.வி. ரிமோட்டோடு நிற்பது கிட்டத்தட்டக் கடத்தல். கதவைச் சாத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்து அந்தப் பொத்தானை அழுத்தினாள். பெட்டி 'பீப்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. மறுபடி ஓடவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடியும் மூடிக்கொண்டது.

"முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சுடி," என்றாள் பிறகு என்னிடம். "கண்டுபிடிச்சிட்டேன், எங்க பிரிவு பிழைச்சிடுச்சுன்னு. அப்புறம்தான் அது யார் வெச்ச பொத்தான்னு ஞாபகம் வந்துச்சு."

அன்று சாயங்காலம் நான் அங்கே இருந்தேன். ஏ.சி. போன வீட்டுக்கு என் மின்விசிறியைக் கொடுக்கப் போயிருந்தேன். மாமா சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அக்கா காத்திருந்தாள்.

"ஒரு ஆபீஸ் விஷயம் கேக்கணும்," என்றாள்.

மாமா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் கையை நீட்டினார். "காய்ச்சல் ஏதும் இல்லையே?"

"சத்தத்தை நிறுத்துற பொத்தானுக்கு எந்த எண்ணைப் போட்டீங்க?"

அவர் சொன்னார். அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "அதை எப்படி எடுத்தீங்க?"

"புது மாதிரிக்குப் பழைய எண்ணெல்லாம் போதல. காலியா இருந்ததுல ஒண்ணை எடுத்தேன்."

"காலின்னு யார் சொன்னா?"

"எங்க பிரிவு அட்டவணை."

"எங்க பிரிவு அட்டவணையில அது காலி இல்ல. எங்க ஏ.சி.யை அணைக்கிற எண் அது. ரொம்ப வருஷமா."

மாமாவின் முகத்திலிருந்து சிரிப்பு போவதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று சொல்வார்கள். இங்கே அலையக்கூட இல்லை. அந்த மாடிக்காரி தினமும் பக்கத்துத் தலையணையில்தான் தூங்கினாள்.

"உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். வீட்ல ஆபீஸ் பேச்சு வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைச் சொன்னதற்காக அக்காவை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமை முடிவு சொல்ற கூட்டம் முடியட்டும்," என்றார் மாமா. "அப்புறம் நானே சத்தமில்லாம எண்ணை மாத்திடறேன்."

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் எங்க பிரிவு இருக்காது. திரும்பி வந்ததெல்லாம் எங்க கணக்குல ஏறியிருக்கு."

"சொன்னா நான் ஆபீஸ்ல இருக்க மாட்டேன்."

எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? அறை வாசலில் மாமியார் அம்மா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, பெற்ற பிள்ளைக்கே அதை வைத்துவிட்டார், அதுவும் என் போனிலிருந்து.

"தப்பு யார் பேர்ல இருக்குன்னு எனக்குத் தெரியாது," என்றார். "ஆனா நான் சொன்னது பொய் இல்லேன்னு ரெண்டு பேர்ல ஒருத்தராவது எழுதிக் கொடுங்க."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் இல்லை. அக்கா சொன்னதையும் மாமா சொன்னதையும் வைத்துச் சொல்கிறேன். இரண்டும் முழுசாக ஒத்துப்போகாது.

புதுத் தலைவர் நடுவில், இரண்டு பிரிவுத் தலைவர்களும் இரண்டு பக்கம், பின்னால் ஆட்கள். மாமாவும் டி.வி. பக்கம் பின்வரிசையில் இருந்தார். அக்கா தன் வீட்டு ஏ.சி.யைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். டி.வி. வேண்டும் என்று டி.வி. பிரிவில் கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று, கேன்டீன் சுவரில் இருந்ததைக் கழற்றி வந்திருந்தாள். அது புதுமாதிரிதான். இரண்டையும் ஓடவிட்டாள். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினாள். டி.வி. ஊமையானது. ஏ.சி.யும் வாயை மூடியது. அறையில் புழுக்கம் கூடியது.

தன் வீட்டுப் புகாரின்மேல் எழுதியிருந்ததைப் படித்தாள்: பழுது உண்டு. சொன்னவர் சொன்னது உண்மை. இதற்கு முன்னால் நான் பழுதில்லை என்று எழுதியவை தவறு.

"இந்த எண்ணை யார் போட்டது?" என்று கேட்டார் புதுத் தலைவர்.

அக்கா நேராகப் பார்த்துச் சொன்னாள்: "அது எனக்குத் தெரியாது சார். நான் ஏ.சி. பிரிவு. ஏ.சி.யைப் பத்தி மட்டும்தான் என்னால சொல்ல முடியும்."

அந்தக் கட்டடத்தில் தினம் நூறு பேர் சொல்கிற வாக்கியம் அது. என் அக்கா பொய்யாகச் சொன்னது அன்று ஒரு தடவைதான்.

அப்போது பின்வரிசையில் மாமா எழுந்தார். "நான்தான் சார்." கேள்வி வந்த உடனே எழுந்துவிட்டதாக மாமா சொல்கிறார். நல்ல நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் எழுந்தார் என்கிறாள் அக்கா. நான் அக்கா பக்கம்.

முடிவில் எந்தப் பிரிவையும் விற்கவில்லை. திரும்பி வந்ததில் பாதியை ஏ.சி. கணக்கிலிருந்து டி.வி. கணக்குக்கு மாற்றியதும் இரண்டும் சமமாகிவிட்டன. இரண்டையும் சேர்த்து 'வீட்டுப் பிரிவு' என்று பெயர் வைத்தார்கள். இரண்டு தலைவர்களும் அப்படியே இருந்தார்கள். இப்போது ஒரே அறையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கிறார்கள் என்று கேள்வி. இரண்டு மாடி அட்டவணைகளையும் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புது டி.வி. வாங்கியவர்களுக்கெல்லாம் வேறு ரிமோட் போனது. மாமியார் அம்மா புது ரிமோட்டை வாங்கிக்கொண்டார், பழையதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அது சாட்சி," என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மாமாவுக்கு வேலை போகவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ரிமோட் வேலையிலிருந்து எடுத்து, கீழ்த்தளத்தில் புகார் கேட்கும் அறையில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்தார்கள். அந்த அறைக்குப் புதிதாக ஓர் எண் வந்திருந்தது. எதில் பழுது என்று தெரியாவிட்டால் மூன்றை அழுத்தவும். மூன்றை அழுத்தினால் மாமா எடுப்பார். எந்தப் பிரிவும் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளாத புகார்களெல்லாம் அவர் காதில்தான் விழும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பொத்தான் ஒன்றையே பார்த்தவர், இப்போது எடுத்த எடுப்பில் ஒரு கேள்வி கேட்பார்: "உங்க வீட்ல வேற என்னென்ன இருக்குங்க?"

அவர் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. பஸ்ஸில் முன்னால் போய் உட்காருவார். அவளிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார். "அவன் சட்டை எங்கேன்னு கேக்குறான்," என்பார் மாமியார் அம்மா. "அலமாரியிலன்னு சொல்லுங்க அத்தை," என்பாள் அக்கா. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றுகொண்டுதான் இந்தப் பேச்சு நடக்கும். அக்கா செய்தது சரிதான், ஆனாலும் அவள்மேல் கோபம் வந்தது. மாமா கேட்டது தப்புதான், ஆனாலும் சிரிக்காத மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நான் சரியாத்தானே செஞ்சேன்?" என்று ஒரு நாள் என் வீட்டில் வந்து உட்கார்ந்து அழுதாள்.

"சரியாத்தான் செஞ்ச. அழுது முடிச்சிட்டு டீ குடி," என்றேன். வேறு என்ன சொல்வது?

கம்பெனியில் ஒரு புது விதி வந்திருந்தது. பழுதில்லை என்று எழுதுவதற்கு முன்னால் மூன்றாம் எண்ணுக்குப் பேசி, அந்த வீட்டில் வேறு என்ன சாமான் இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்ல வேண்டும். அக்கா அதைப் பக்கத்து மேசைப் பெண்ணை விட்டே செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் அந்தப் பெண் வரவில்லை. மேசையில் ஒரு பெட்டி, எவ்வளவு ஓட்டியும் நன்றாகவே ஓடியது. அக்கா போனைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு எடுத்து மூன்றை அழுத்தினாள்.

"வணக்கம். சொல்லுங்க," என்றார் மாமா. அங்கே எல்லாப் பேச்சும் பதிவாகும்.

"ஒரு பழுது. எதுல இருக்குன்னு தெரியல," என்றாள் அக்கா.

மாமாவுக்கு அவள் குரல் தெரியாமலா இருக்கும்? ஆனால் விதிப்படி கேட்க வேண்டியதைக் கேட்டார். "உங்க வீட்ல வேற என்னென்ன இருக்குங்க?"

இது என் வீட்டுப் பெட்டி இல்லை, யாரோ ஒருவருடையது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம்.

"ஒரு டி.வி. இருக்கு. ஒரு ஏ.சி. இருக்கு. ஒரு மாமியார் இருக்காங்க. வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கார்," என்றாள். "அவர்தான் கொஞ்ச நாளா பேச மாட்டேங்கறார்."

பின்னால் மற்றவர்கள் புகார் கேட்கும் சத்தம் மட்டும் வந்தது. அக்கா போனை வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"புகார் பதிவு பண்ணியாச்சுங்க," என்றார் மாமா. "சாயங்காலம் ஆள் வருவார்."